கேள்வி நேரம்: கரும்புச் சக்கைக் காகிதம் முதல் சூரிய விளக்கு வரை

மொரீஷியஸில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதால் இம்முறை சக்கை பற்றிய கேள்விகளே அதிகம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அதில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளோடு கரும்புச் சக்கையில் காகிதம் செய்தோம். காய்ந்ததும் அப்பளம் போல நொறுங்குகிறது. இரண்டே வாரத்தில் கரும்புள்ளியும் வந்துவிட்டது. எங்கே தவறு? – ஓர் ஆசிரியை, கியூர்பிப்

நொறுங்குவதற்குக் காரணம் சோறு. கரும்புத் தண்டின் நடுவில் இருக்கும் அந்தப் பஞ்சுப் பகுதி, காய்ந்த சக்கையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது தண்ணீரை உறிஞ்சி உப்புமே தவிர, ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்காது. காகிதத்துக்கு வேண்டியது தோலை ஒட்டிய நீள நார். எனவே சக்கையைக் காயவைத்து, மரக்கட்டையால் தட்டி, மாவு சலிப்பதைவிடக் கண் பெரிதான சல்லடையில் சலியுங்கள். கீழே கொட்டுவது சோறு, மேலே நிற்பது நார். சோறு தோட்டத்துக்கு உரமாகட்டும்.

சலிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த பழைய சக்கையின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆலைத் தொழிலாளர்களுக்கு அதனால் வரும் நோய்க்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, பகாசோசிஸ். பிள்ளைகளிடம் பழைய சக்கையைக் கொடுக்கவே வேண்டாம். ஆலைச் சக்கை எப்படியும் மின்சாரத்துக்காகக் கொதிகலனுக்குப் போய்விடும். சாறு பிழிகிற கடையில் அன்றன்றைய சக்கையை வாங்குங்கள். வாங்கிய அன்றே இரண்டு தண்ணீர் அலசி வெயிலில் விரித்துவிடுங்கள். சர்க்கரை உள்ளே தங்கினால் புளிக்கும், பிறகு பூக்கும். உங்கள் கரும்புள்ளிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஈரச் சக்கை 3 கிலோ வாங்கினால், காய்ந்து சலித்தபின் சுமார் 1 கிலோ நார் தேறும். அதற்குச் சலவைச் சோடா 200 கிராம், தண்ணீர் 12 லிட்டர். சலவைச் சோடா கிடைக்காவிட்டால் சமையல் சோடா 320 கிராமைத் தட்டில் பரப்பி, ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். எடை சுமார் 200 கிராமுக்கு இறங்கியிருந்தால் அது சலவைச் சோடாவாக மாறிவிட்டது என்று அர்த்தம். எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது, கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஒரு நாரை எடுத்துக் குறுக்கே இழுத்தால் ஈர நூல் போலப் பிரிய வேண்டும். ‘படக்’ என்று ஒடிந்தால் இன்னும் அரை மணி நேரம்.

அடுத்து அலசல். எப்போது நிறுத்துவது என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்து, கீற்றுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அலசிய தண்ணீரில் தோய்த்தால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கிறதா? காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் போதும். சோடா கொதித்த கறுப்புத் தண்ணீரையும் இதே கீற்றால் சோதித்து, சிவப்பு மறையும்வரை வினிகர் விட்டு, நிறையத் தண்ணீர் சேர்த்த பிறகே கொட்டுங்கள். ஓடையில் வேண்டாம்.

கூழாக்குவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மிக்ஸி நாரை வெட்டும், மரச் சுத்தி நாரை நசுக்கிப் பிசிறாக்கும். பிசிறுதான் பின்னிப் பிடிப்பது. பலகையில் வைத்து அரை மணி நேரம் அடித்துவிட்டு, கடைசியில் ஒரு பிடி கூழுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் மிக்ஸியில் 30 விநாடி ஓட்டினால் போதும். சக்கை நார் குட்டை. அதனால் மொத்த எடையில் கால் பங்குக்கு ஊறவைத்த பழைய தேர்வுத் தாளோ, ஒரு சென்டிமீட்டராக நறுக்கி இதே சோடாவில் வேகவைத்த அலோயஸ் நாரோ சேருங்கள். சாக்கு நெய்த அந்த நார் தாளுக்கு எலும்பு மாதிரி.

வலைச் சட்டத்துக்குக் கொசுவலையை முரசுத்தோல் போல இழுத்து அடிக்க வேண்டும். தொய்ந்தால் தாள் நடுவில் தடிக்கும். 1 கிலோ நார் வெந்து அலசியபின் பாதியாகும். ஓர் ஏ4 தாள் 7 அல்லது 8 கிராம் பிடிக்கும், ஆகவே 60 தாளுக்கு மேல் வரும்.

மீதிப் பாதிப் புள்ளிக்குக் காரணம் உங்கள் ஊர். கியூர்பிப்பின் குளிர்காலத்தில் தாளைக் கொடியில் போட்டால் மூன்று நாளானாலும் காயாது. பழைய கம்பளித் துண்டுகளுக்கு நடுவே தாளை அடுக்கி, மேலே பலகை போட்டு இரண்டு பிள்ளைகளை ஏறி நிற்கச் சொல்லுங்கள். சந்தோஷமாக நிற்பார்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஒரே நாளில் காய்ந்து, கண்ணாடி பட்ட பக்கம் வழவழப்பாக வரும். மை ஊறாமலிருக்க அரிசிக் கஞ்சி தடவலாம் என்பார்கள். நம் ஈரத்துக்கு அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. 2 சதவீத ஜெலட்டின் கரைசலை மெல்லப் பூசி, உடனே காயவிடுவது மேல்.

கேள்வி: இலைகளை வைத்து வெயிலில் நீலப் படம் எடுக்கும் முறையை எங்கள் சக்கைக் காகிதத்தில் செய்யலாமா? முயன்றபோது நீலம் வந்து, கழுவியதும் வெளிறிவிட்டது. – வாசகர், ரோஸ் ஹில்

செய்யலாம். வெளிறியதற்குக் காரணம் மேலே சொன்ன சோடா. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில் உண்டாகும் பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் எதிரி. மஞ்சள் கீற்றில் தெரியாத அளவு மிச்சம்கூட நீலத்தைத் தின்றுவிடும். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, தாளைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காயவையுங்கள். சிட்ரிக் அமிலம் இல்லையென்றால் 200 மி.லி. எலுமிச்சைச் சாறை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் ஏறக்குறைய அதே வீரியம்.

இரண்டு கரைசல். முதலாவது, பச்சை நிற ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்குவது. இரண்டாவது, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்குவது. தனித்தனிப் பழுப்புப் புட்டியில் வையுங்கள், பூசும்போது மட்டும் சம அளவு கலக்குங்கள். ஓர் ஏ4 தாளுக்கு 2 மி.லி. போதும். தூரிகைக்கு இரும்புப் பூண் இருந்தால் நீலப் புள்ளி விழும், பஞ்சுத் தூரிகை நல்லது. ஃபெர்ரிசயனைடைச் சூடாக்கவோ, வலுவான அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது, நச்சு வாயு வரும்.

பூசிய தாளை இருட்டில் உலர்த்தி அன்றே பயன்படுத்துங்கள். ஈரக்காற்றில் ஒரு வாரம் கிடந்தால் வெயில் படாமலே நீலம் பாரித்துவிடும். இலையை ஒரு நாள் செய்தித்தாளுக்குள் அழுத்திவையுங்கள். பச்சை இலை கண்ணாடிக்கு அடியில் வியர்த்துக் கறை இடும். எத்தனை நிமிடம் என்பதை ஒரு துண்டுத் தாளில் பாருங்கள். அட்டையால் மூடி, 4, 6, 8, 10, 12 நிமிடம் என்று நகர்த்திக்கொண்டே போனால் உங்கள் வெயிலின் கணக்கு தெரியும். வெயில் பட்ட இடம் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு வெண்கலச் சாம்பல் நிறத்துக்கு வரும்போது எடுக்க வேண்டும். நீலத்தில் எடுத்தால் கழுவியதும் பாதி போய்விடும். கழுவும் தண்ணீரில் மஞ்சள் சாயை அடங்கும்வரை கழுவுங்கள்.

இலைக்காகக் காட்டுக்குள் போக வேண்டாம். சீனக் கொய்யாவும் ராவெனாலாவும் வெளியூரிலிருந்து வந்து நம் காட்டை நெருக்கும் செடிகள். அவற்றைப் பறிப்பதில் குற்றமில்லை. ராவெனாலா இலையின் கிழிசல் ஓரம் நீலத்தில் அற்புதமாக விழும்.

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு, சோழி வைத்துச் சுவர்ச் சித்திரம் செய்யலாமா? – மஹேபூர்

வேண்டாம். பவளமும் சிப்பியும் எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஒதுங்கிக் கிடப்பதும் மணலாக வேண்டியதுதான். அலை தேய்த்த கண்ணாடித் துண்டை எடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள்.

கேள்வி: ஐயா, கோவில் தோட்டத்தில் விளக்குச் சிற்பம் ஒன்று வைத்தோம். மண் காய்ந்தால் சிவப்பு, ஈரமாக இருந்தால் பச்சை. சென்னையிலிருந்து வரும் காணொளியைப் பார்த்துச் செய்தது. டிசம்பரில் விடியும்வரை எரிந்தது, இப்போது இரவு பத்துக்கே அணைகிறது. மூன்று வாரமாக மழை பெய்தாலும் சிவப்புதான். – இளைஞர் குழு, திரியோலே

இரண்டு கோளாறு, இரண்டும் தனித்தனி. முதலில் சூரிய ஒளிப் பலகை. சென்னைக்காரர் பலகையைத் தெற்கே பார்த்து வைக்கச் சொல்லியிருப்பார், அவர் ஊருக்கு அது சரி. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம், நமக்குச் சூரியன் வருடத்தின் பெரும்பகுதி வடக்கே. டிசம்பரில் உச்சிக்கு மேலேயே வந்துவிடுவதால் தவறு தெரியவில்லை. ஜூனில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 43 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்கே 20 பாகை சாய்ந்த பலகைக்குக் கிடைக்கும் நேர்வெயில், வடக்கே சாய்ந்த பலகைக்குக் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. திருப்பி வையுங்கள்: வடக்கு நோக்கி, 20 பாகை.

கணக்கையும் ஒருமுறை பாருங்கள். 3 வாட் விளக்கு 6 மணி நேரம் எரிந்தால் 18 வாட்-மணி. கம்பியிலும் பேட்டரியிலும் போகும் இழப்பைச் சேர்த்து 24 என்று வையுங்கள். குளிர்கால மேகத்தை நினைத்து, நாளுக்கு 4 மணி நேர முழு வெயில் என்று மட்டும் கொண்டால் 6 வாட் பலகை. மழை நாளை ஈடுகட்ட 10 வாட் வாங்குங்கள். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 77 வாட்-மணி இருக்கும். அதில் எண்பது சதவீதம் எடுத்தால் வெயிலே இல்லாமல் இரண்டரை இரவு தாங்கும். விடிய விடிய எரிய வேண்டும் என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. அது தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம், காரணம் கீழே.

இதில் ஒளிந்திருக்கும் திருடன் உங்கள் கட்டுப்பாட்டுப் பலகை. இ.எஸ்.பி 32 போன்றது வைஃபை போட்டபடி விழித்தே இருந்தால் சுமார் அரை வாட் குடிக்கும். 24 மணி நேரத்துக்கு 12 வாட்-மணி, விளக்குக்கு ஆவதில் பாதி! ஆழ்தூக்க நிலையில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி, மண்ணை அளந்துவிட்டு மறுபடி தூங்கச் செய்யுங்கள்.

இப்போது சிவப்பு. நீங்கள் குத்தியிருப்பது இரண்டு கால் கொண்ட மலிவான உணரி என்று படுகிறது. அதில் மின்சாரம் ஈர மண் வழியாகவே ஓடுகிறது, ஆகவே மின்பகுப்பு நடந்து ஒரு காலின் செம்பு கரைந்துபோகும். பிடுங்கிப் பாருங்கள், ஒரு கால் மட்டும் கறுத்துப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். செம்பு போனால் மின்தடை ஏறும், கருவி ‘மண் காய்ந்தது’ என்று நம்பும். மின்தேக்க (கெப்பாசிட்டிவ்) முறையில் அளக்கும் ஒற்றைத் தட்டு உணரிக்கு மாறுங்கள். அதிலும் தட்டின் வெட்டு ஓரம் திறந்தே வருகிறது, தண்ணீர் அங்கேதான் ஏறும். ஓரத்தில் நகப்பூச்சு மூன்று தடவை, மேலே உள்ள மின்னணுப் பகுதிக்கு எப்பாக்ஸி. அளக்கும் அந்தச் சில விநாடி மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

பெட்டியை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது காயும்போது அமிலம் விடும் வகை, உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். கம்பி பெட்டிக்குள் கீழிருந்து நுழையட்டும், நுழையுமுன் ஒரு தொங்கு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். உப்புக் காற்று வருகிற இடமென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு. சாதாரண 304 சீக்கிரமே துரு ஒழுகவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பலகையைக் கழற்றி உள்ளே வைக்க ஏதுவாகச் சிறகுத் திருகு போடுங்கள்.

விளக்கு விடியும்வரை எரிய வேண்டாம் என்றோம். பக்கத்து ரீயூனியன் தீவில் பாரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் ஏப்ரல் வாக்கில் முதன்முறை கடலுக்குப் புறப்படும்போது, ஊர் விளக்கில் மயங்கித் தரையில் விழுகின்றன. அதற்காகவே அங்கே விளக்கணைப்பு இரவுகள் நடத்துகிறார்கள். சுற்றுச்சூழலைப் பேசும் விளக்கு பூச்சியையும் பறவையையும் அலைக்கழிக்கக் கூடாது. மேல்நோக்கி ஒளி போகாதபடி மூடி போட்டு, அர்த்தசாம பூஜை முடிந்ததும் அணையும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: மஞ்சளில் சாயமிட்ட கண்காட்சித் துணி ஒரே மாதத்தில் வெளுத்தது. படிகாரம் போட்டும் பயனில்லை. – ஃபினிக்ஸ்

மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, எந்த மருந்து போட்டாலும். சீனக் கொய்யா இலைக்கு மாறுங்கள். காய்ந்த துணியின் எடைக்குச் சமமாக இலை எடுத்து, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, துணியை இன்னொரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு துணியின் எடையில் 2 சதவீதம் இரும்பு சல்பேட் கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம். சாம்பல் முதல் கருப்பு வரை வரும். இரும்பைக் கூட்டினால் இன்னும் கருக்கும் என்று ஆசைப்படாதீர்கள், பருத்தி இற்றுப்போகும்.

கேள்வி: மகனுக்கு முதல் காவடி. தெர்மாகோலும் மினுக்குத் தூளும் இல்லாமல், கோவிலை அடையும்வரை வாடாமல் இருக்கும்படி கட்ட வழி சொல்லுங்கள். – ஓர் அம்மா, குவாத்ர் போர்ன்

தைப்பூசத்துக்கு நாள் இருக்கிறது, நல்லதாகப் போயிற்று, மூங்கிலை இப்போதே வெட்டி நிழலில் காயவிடலாம். பச்சை மூங்கில் கனம், கட்டிய பிறகு சுருங்கி முடிச்சு தளரும். ஆணி அடித்தால் பிளக்கும். தேங்காய் நார்க் கயிற்றை நனைத்துக் கட்டுங்கள், காய்ந்ததும் இறுகும்.

பூக்கடைப் பச்சைப் பஞ்சும் பிளாஸ்டிக்தான், பொடிந்து மண்ணில் கலக்கும். அதற்குப் பதில் வாழை மட்டை. நடுத்தண்டு அல்ல, அது தண்ணீர்ச் சுமை, பையனின் தோள் தாங்காது. வெளி மட்டையை நான்கு விரல் அகலத்துக்கு நறுக்கிப் பாருங்கள். குறுக்கு வெட்டில் தேன்கூடு போல அறைகள் தெரியும். அவற்றில் காற்று இருப்பதால் இலேசு, சுவரில் ஈரம் இருப்பதால் காம்பு வாடாது. ஈர்க்குச்சியால் துளையிட்டுப் பூவைச் செருகுங்கள். முதல் நாள் மாலையே பறித்து, இரவு முழுக்கக் காம்பைத் தண்ணீரில் நிறுத்திய துலுக்கச் சாமந்தி நண்பகல் வரை நிற்கும். வெளிச்சுற்றுக்கு அந்தூரியம் வைத்தால் கவலையே இல்லை. அதன் தோல் மெழுகு போல, தண்ணீர் இல்லாமலும் நாள் முழுக்கத் தாங்கும். செம்பருத்தி வேண்டாம். குருத்தோலையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, விடியற்காலையில் மடியுங்கள்.

கேள்வி: பள்ளி வாசலில் 2,000 பிளாஸ்டிக் புட்டிகளால் டோடோ பறவை செய்யத் திட்டம். உங்கள் கருத்து? – பொர்ட் லூயி

புட்டியைச் சாயம் பூசி, சூடான பசையால் ஒட்டினால், மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டியது குப்பைக்குப் போகும். ஒட்டாமல், சாயம் பூசாமல், கம்பி வலைக்குள் அடுக்கி, கலைக்கும் தேதியையும் இப்போதே எழுதிவைத்தால் செய்யுங்கள்.

உண்மையில் வேறு வழியில் யோசிக்கச் சொல்வோம். கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் 1982-இல் ஜெர்மனியின் காசல் நகரில் 7,000 கருங்கல் தூண்களைக் குவித்தார். ஒரு மரம் நட்டால் அதனருகில் ஒரு கல். மரம் ஏற ஏறக் குவியல் கரைந்தது, 1987-இல் தீர்ந்தது. அதே 1982-இல் ஆக்னஸ் டீனஸ் நியூயார்க்கின் வணிகக் கட்டடங்களுக்கு எதிரே, நிரப்பப்பட்ட நிலத்தில் 2 ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடை செய்தார். இரண்டிலும் குறையும் குவியலும் வளரும் பயிருமே படைப்பு. உங்கள் வாசலில் 60 எரிமலைக் கற்களை டோடோ வடிவில் அடுக்கி, ஒரு நாட்டு மரக்கன்று நடும்போதெல்லாம் ஒரு கல்லை எடுத்துக் கன்றின் காலடியில் வைத்தால்? டோடோ மறையும், தோப்பு வரும். செலவும் குறைவு.

கேள்வி: வகாஷியோ எண்ணெய்க் கசிவின்போது ஊரார் தைத்த கரும்புத்தோகை மிதவையைப் பள்ளிக் கண்காட்சியில் செயல்படும் மாதிரியாகக் காட்ட வேண்டும். எப்படி? – ஓர் ஆசிரியர், மஹேபூர்

பலகையில் எழுத: கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறியது 2020 ஜூலை 25. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. கசிந்தது சுமார் 1,000 டன். கப்பல் இரண்டாக உடைந்தது ஆகஸ்ட் 15.

மாதிரிக்கு அகலமான கண்ணாடித் தொட்டி, தண்ணீர் 10 லிட்டர், சமையல் எண்ணெய் 50 மி.லி. எண்ணெய் கண்ணுக்குத் தெரிய, மிளகாய்த் தூளை அதில் இளஞ்சூட்டில் போட்டு வடிகட்டினால் சிவக்கும், தண்ணீரில் அந்த நிறம் இறங்காது. உண்மையான கப்பல் எண்ணெயைத் தொடவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த தோகை 10 கிராமை நறுக்கி, பழைய காலுறைத் துணியில் அடைத்துத் தையுங்கள். இதே அளவில் இரண்டு செய்யுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரில், ஒன்றை எண்ணெய்த் தொட்டியில் பத்து நிமிடம் விட்டு, ஒரு நிமிடம் தொங்கவிட்டு, எடை பாருங்கள். தோகை எண்ணெயை மட்டுமல்ல, தண்ணீரையும் குடிக்கும் என்பது அங்கே தெரியும். அந்த உருளைகளுக்குள் காலிப் புட்டிகளை வைத்ததற்குக் காரணமும் அதுதான். இல்லாவிட்டால் தோகை ஊறி அமிழும். மூன்றாவதாக முடிதிருத்தகத்து முடி 10 கிராம் அடைத்த ஒன்றையும் வையுங்கள். எண்ணெய் முடியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், வித்தியாசத்தைப் பிள்ளைகளே தராசில் படிக்கட்டும்.

மிதவை அசையாமல் கிடந்தால் பக்கத்து எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டு நிற்கும். இரண்டு பிள்ளைகள் இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால்தான் படலம் ஒரு மூலைக்கு ஒதுங்கும். முடிந்தபின் தோகையைக் கழுவ முயலாதீர்கள், எண்ணெய் சாக்கடைக்குத்தான் போகும். மரத்தூளில் புரட்டி, உறையிலிட்டு, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். எண்ணெய் ஊறிய துணியையும் முடியையும் குவித்து வெயிலில் வைக்க வேண்டாம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.